பைக்குள் நிறம் மாறிய மண்

ஈரநிலத்தில் முதல் தடவை மண் எடுக்கப் போனபோது நான் செய்தது ரொம்பச் சாதாரணமான தப்பு. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, கோரைக்கு நடுவே மண்துளைப்பானை இறக்கி, அரை மீட்டர் நீளத்துக்கு மண்ணை உருவி எடுத்தேன். சாம்பல் நிறம். சாய்த்துப் பார்த்தால் நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு சாயல். முகத்தருகே கொண்டுபோனால் லேசாக அழுகிய முட்டை வாடை. பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, மேலே எண் எழுதினேன். இப்படி அன்றைக்கு மட்டும் 18 பைகள். சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு மூலையில் அடுக்கிவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் பைக்குள் இருந்தது வேறு மண். காற்று பட்ட பக்கமெல்லாம் பழுப்பேறியிருந்தது. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மட்டும் சாம்பல் நிறம் மிச்சம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உடைந்த முகமும் மெல்ல மங்கியது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து, மொத்த இரும்பு எவ்வளவு என்று அளந்தேன். எப்போதும் நீர் நிற்கிற பள்ளம், நீர் ஏறி இறங்குகிற ஓரம், அபூர்வமாக மட்டுமே நனைகிற மேடு ஆகிய மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வந்தது. நீர் நிற்பதற்கும் மண்ணின் இரும்புக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை என்று ஒரு அறிக்கையும் எழுதிவிட்டேன். அதைப் படித்த மூத்தவர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: "எடுக்கும்போது மண் என்ன நிறம்?"

அந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்ல எனக்குச் சில வருஷம் ஆனது.

பூமியின் மேலோட்டில் எடைக்குச் சுமார் 5 சதவீதம் இரும்பு. ஆக, மண்ணில் இரும்பு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை. எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பெர்ரிக், பெர்ரஸ்தான். பெர்ரிக் ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் பெர்ரஸ். அந்த ஒரே ஒரு எலக்ட்ரான்தான் வித்தியாசம், ஆனால் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. பெர்ரிக் என்பது துரு. சாதாரண நீரில் அது கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். மணல் துகள், களிமண் துகள் மீதெல்லாம் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொண்டு மண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் மஞ்சளும் கொடுப்பது அதுதான். பெர்ரஸ் கரையும். கரைந்தால் நீர் போகிற பக்கம் போகும். பூச்சு கரைந்துபோன பிறகு துகள்களின் சொந்த நிறம் வெளியே தெரிகிறது. நான் பார்த்த சாம்பல் அதுதான்.

நீலப்பச்சைச் சாயலுக்கு வேறு ஒரு காரணம் உண்டு. பெர்ரஸும் பெர்ரிக்கும் கலந்து உருவாகும் 'பச்சைத் துரு'. பிரான்சில் ஃபூஜேர் என்ற காட்டின் நீர் தேங்கிய மண்ணில் இயற்கையாகக் கிடைத்ததால் அந்தக் கனிமத்துக்கு ஃபூஜெரைட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காற்று பட்டால் அது காவி நிறத்துக்கு மாறிவிடும். என் 18 பைகளுக்குள் ராத்திரியோடு ராத்திரியாக நடந்ததும் கிட்டத்தட்ட இதே சங்கதி. நான் ஈரநில மண்ணைக் கொண்டுவந்து அதை மேட்டு மண்ணாக மாற்றிவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று அறிக்கை எழுதியிருக்கிறேன்!

சரி, நீர் நின்றால் பெர்ரிக் ஏன் பெர்ரஸ் ஆக வேண்டும்? நீருக்கும் இரும்புக்கும் நேரடிச் சண்டை ஏதும் இல்லை. நீர் செய்வது கதவைச் சாத்துகிற வேலை. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண் துளைகளில் நீர் நிறைந்ததும், உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடும். ஆனால் பசி தீராது. மட்கிய இலையும் வேரும் தின்னக் கிடக்கின்றன. தின்றதிலிருந்து வரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளத்தான் ஆக்சிஜன் இல்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. முதலில் நைட்ரேட், அது தீர்ந்தால் மாங்கனீசு, அப்புறம் இரும்பு, அதற்குப் பின் சல்பேட், எல்லாம் போன பிறகு கரியமில வாயு. அந்தக் கடைசிப் படியில்தான் மீத்தேன் வருகிறது. அந்தந்தப் படியில் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். நடைமுறையில் படிகள் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து இருப்பதில்லை. ஒரு கைப்பிடி மண்ணுக்குள்ளேயே ஒரு மூலையில் இரும்பும் இன்னொரு மூலையில் சல்பேட்டும் செலவாகிக்கொண்டிருக்கும்.

மண் இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்று அறிய, பிளாட்டினக் கம்பி ஒன்றை மண்ணில் செருகி மில்லிவோல்ட் பார்ப்பது வழக்கம். நடுநிலையான மண்ணில் +400க்கு மேல் காட்டினால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். +100ஐ ஒட்டி இரும்பு கரைய ஆரம்பிக்கும். -200க்குக் கீழே போனால் மீத்தேன். சொல்லும்போது அழகாக இருக்கிறது. ஒரே குழியில் நான்கு கம்பி செருகினால் நான்கும் நான்கு எண் சொல்லும்.

இரும்பைச் 'சுவாசிக்கிற' பாக்டீரியாவில் பிரபலமானது ஜியோபாக்டர். 1987-ல் டெரெக் லவ்லி அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். ஆக்சிஜன் என்றால் உயிரணுவுக்குள் போய்விடும். துருவை எப்படி உள்ளே இழுப்பது? கரையாத கல் அல்லவா. அதனால் இந்த உயிர் எலக்ட்ரானைத் தன் உடம்புக்கு வெளியே அனுப்புகிறது. முடி மாதிரி மெல்லிய புரத இழைகள் வழியே மின்சாரம் போவதுபோல் எலக்ட்ரான் போய்த் துருவைத் தொடுகிறது.

இந்த மாற்றம் நடக்கும்போது மண்ணின் அமிலமும் சேர்ந்து செலவாகும். அமில மண்ணை நீரில் மூழ்கடித்தால் சில வாரங்களில் அது நடுநிலையை நோக்கி நகர்வது அதனால்தான். மூழ்கிய மண்ணின் வேதியியலைப் பற்றிப் பொன்னம்பெரும 1972-ல் எழுதிய நீண்ட கட்டுரையை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். சில அமில மண்களில் மூழ்கிய மூன்று வாரத்துக்குள் கரைந்த பெர்ரஸ் 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு) வரை ஏறலாம் என்கிறார். செடிக்கு அது விஷம்.

விஷத்தில் செடி எப்படி நிற்கிறது என்பதை நான் என் கண்ணால் பார்த்தது இரண்டாம் தடவை போனபோது. துளைப்பானை விட்டுவிட்டு மண்வெட்டி கொண்டுபோயிருந்தேன். ஒரு கோரைத் தூரை மண்ணோடு பாளமாகப் பெயர்த்து, கரையில் வைத்து, கையாலேயே இரண்டாகப் பிளந்தேன். சாம்பல் மண்ணில் மேலிருந்து கீழாக ஆரஞ்சு கோடுகள். பக்கத்தில் குனிந்து பார்த்தால் அவை கோடுகள் அல்ல, குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நூல் மொத்தத்துக்கு ஒரு வேர். வேரை மெல்ல உருவி நகத்தால் சுரண்டினேன். செங்கல் பொடிபோல் ஒரு பொருக்கு உதிர்ந்தது, உள்ளே வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. நுனியில் மட்டும் பொருக்கு இல்லை. அது அண்மையில் வளர்ந்த பகுதி, துருப்பிடிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

கோரைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். நாணல், சம்பு, அல்லி எல்லாவற்றிலும் இந்தக் காற்றறைகள் உண்டு. இலை வழியே நுழையும் ஆக்சிஜன் இதன் வழியே வேர்வரை போகிறது. சில செடிகளில் அது தானாகப் பரவுவதோடு நிற்காது, காற்றே வீசும். மஞ்சள் அல்லியில் இளம் இலைகள் வெயிலில் சூடாகி உள்ளே காற்றை அழுத்துகின்றன. அது காம்பு வழியே சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போய், முதிர்ந்த இலைகள் வழியே வெளியேறுகிறது. ஜான் டேசி 1980-ல் இதை அளந்தார். ஒரு நாளில் 22 லிட்டர் வரை! நான் இதைப் படித்த அன்று குளத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்த அல்லி இலைகளை வேறு மாதிரிப் பார்த்தேன்.

வேரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் மண்ணுக்குள் கசியும். வேரை நோக்கி வரும் பெர்ரஸ் அங்கே பிடிபட்டுத் துருவாகிப் படியும். வேதிவினை பாதி, இரும்பைத் தின்று வாழும் இன்னொரு கூட்டம் பாக்டீரியா பாதி. இந்தப் பொருக்கு வேருக்குக் கவசமா, தடையா என்று நிறையச் சண்டை இருக்கிறது. பாஸ்பரஸையும் ஆர்செனிக்கையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆர்செனிக்கைப் பிடித்தால் நல்லது, பாஸ்பரஸைப் பிடித்தால் செடிக்குப் பட்டினி ஆகலாம், அல்லது அதுவே கைக்கெட்டும் சேமிப்பாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், பொருக்கு எவ்வளவு தடிமன், வேர் எவ்வளவு இளசு என்று பார்க்காமல் பொதுவாக ஒரு பதில் சொல்வது வீண்.

வேர் செத்த பிறகும் குழாய் மண்ணில் இருக்கும். ஆகவே உயிருள்ள வேரைச் சுற்றி ஆரஞ்சு இருந்தால் இப்போது இங்கே நீர் தேங்குகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். வேரில்லாத ஆரஞ்சு குழாய் என்றைக்கோ தேங்கிய நீருடையதாகவும் இருக்கலாம்.

பாளத்தைப் பார்த்த பிறகுதான் என் பழைய அறிக்கையின் இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. நான் மூன்று இடங்களையும் சராசரி நீர் ஆழத்தை வைத்துப் பிரித்திருந்தேன். ஓரிடத்தில் ஆண்டு முழுக்க 10 சென்டிமீட்டர் நீர். இன்னோரிடத்தில் பாதி ஆண்டு 30 சென்டிமீட்டர், மீதி பாதியில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 10 சென்டிமீட்டர். இரண்டுக்கும் சராசரி ஒன்றே. இரும்புக்கு இரண்டும் வேறு வேறு உலகம். எவ்வளவு ஆழம் என்பதைவிட எத்தனை தடவை ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு.

எப்போதும் மூழ்கிய பள்ளத்தில் பெர்ரிக் ஒருமுறை கரைந்தால் அவ்வளவுதான், திரும்பி வர ஆக்சிஜன் கிடையாது. நீரோட்டம் இருந்தால் இரும்பு மெல்ல வெளியேறும். சல்பேட் இருக்கிற இடமானால் சல்பைடோடு சேர்ந்து கறுப்புச் சேறாகவும் பின்னர் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு கனிமமாகவும் அடைபடும். காய்ந்த மேட்டிலோ துரு வயதாகி இறுகிப்போகிறது. கோதைட், ஹீமடைட் என்று நல்ல படிகமாகிவிட்டால் பாக்டீரியாவுக்கு அது கடிக்க முடியாத பாக்கு. சுறுசுறுப்பான இரும்பு இருப்பது நடுவில், ஏறி இறங்குகிற ஓரத்தில். ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் அங்கே புதுத் துரு பிறக்கிறது. ஃபெரிஹைட்ரைட் என்ற இந்தப் புதுத் துருவின் துகள்கள் சில நானோமீட்டர்தான். ஒரு கிராமை விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். அடுத்த வெள்ளத்தில் முதலில் கரைவதும் அதுதான்.

மொத்த இரும்பை அளந்தால் இந்த வித்தியாசம் ஒன்றும் தெரியாது. அமோனியம் ஆக்சலேட்டில், இருட்டில் வைத்துக் கரைத்து எடுத்தால் இறுகாத இரும்பு மட்டும் வரும். டைதயோனைட்டில் கரைத்தால் இறுகியதும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தில்தான் நீர் ஏறி இறங்குவது பதிவாகிறது.

களத்திலேயே பார்க்க இன்னும் எளிய வழிகள் உண்டு. ஆல்பா-ஆல்பா டைபிரிடில் என்ற கரைசலை, அப்போதே உடைத்த மண் முகத்தில் இரண்டு சொட்டு விட்டால், பெர்ரஸ் இருந்தால் இளஞ்சிவப்பாகும். நான் முதல் தடவை விட்டபோது எல்லா இடமும் சிவந்தது. சந்தோஷத்தில் குறிப்பேட்டை எடுத்த பிறகுதான் உறைத்தது, மண்வெட்டியின் இரும்பு உரசிய முகத்தில் விட்டிருக்கிறேன். கையால் உடைத்த முகத்தில்தான் விட வேண்டும், உறை போட்டுக்கொண்டு. இன்னொரு வழி ஐரிஸ் குழாய். பிவிசி குழாயில் துருச் சாயம் பூசி, மண்ணில் செருகி, சுமார் நான்கு வாரம் கழித்துப் பிடுங்குவது. எங்கே பாக்டீரியா வேலை செய்ததோ அங்கே சாயம் போய் வெள்ளை தெரியும். ஓரத்தில் நான் வைத்த குழாயில் மேல் ஒரு சாணுக்குச் சாயம் முழுசாக இருந்தது, அதற்குக் கீழே சிறுத்தைத் தோல் மாதிரி திட்டுத் திட்டாக வெள்ளை. வழவழவென்று ஒரு கோடாக எல்லை இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் திட்டுகள் செடிகளின் வேலை என்று எனக்கு ஒரு சந்தேகம். வேர் ஒரு பக்கம் ஆக்சிஜனைக் கசிய விடுகிறது, இன்னொரு பக்கம் சர்க்கரையும் அமிலங்களும் விட்டு, துருவைக் கரைக்கிற பாக்டீரியாவுக்குச் சோறும் போடுகிறது. செத்த வேர் என்றால் முழு விருந்து. போதாததற்குச் செடி நீர்மட்டத்தையே அசைக்கும். பகலில் நீரை உறிஞ்சி நீர்மட்டத்தை இறக்கும், ராத்திரி அது மெல்ல ஏறும். இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தை வைத்தே செடிகள் எவ்வளவு நீர் குடிக்கின்றன என்று வால்டர் ஒயிட் 1932-ல் கணக்குப் போட்டார். ஆக, ஒரே உயரத்தில், ஒரே நீரில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாணல் கூட்டத்துக்கும் கோரைக் கூட்டத்துக்கும் அடியில் இரும்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதில் இரும்புக்கும் ஒரு வாக்கு இருக்கிறது. 1985-ல் பிரையன் வீலரும் உடன் ஆய்ந்தவர்களும் இங்கிலாந்தின் சுண்ணச்சத்துள்ள ஈரநிலச் செடிகள் இரண்டை எடுத்துப் பார்த்தார்கள். எபிலோபியம் ஹிர்சூட்டம் என்ற பூச்செடி இரும்பில் சுணங்கியது. ஜங்கஸ் சப்நோடுலோசஸ் என்ற கோரை போன்ற செடி தாங்கி நின்றது. களத்திலும் முதலாவது, இரும்பு மிகுந்த இடங்களைத் தவிர்த்தே வளர்ந்திருந்தது. ஒரு செடி ஓரிடத்தில் இல்லை என்றால் வெள்ளம் தாங்காது என்றுதான் நாம் உடனே முடிவு கட்டுவோம். வெள்ளத்தை அது தாங்கியிருக்கும், வெள்ளம் கரைத்துக் கொடுத்த இரும்பைத் தாங்கியிருக்காது.

இரும்பு கரைந்தால் அது பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸும் விடுபடும். கிளிஃபர்ட் மார்ட்டிமர் 1941, 42-ல் இங்கிலாந்தின் ஏரிகளில் சேற்றுக்கும் நீருக்கும் நடுவே நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காட்டினார். முன்பு வடித்து உரம் போட்டு உழுத நிலத்தை மறுபடி ஈரநிலமாக்கும்போது இது பெரிய தலைவலி. நீரைத் திறந்துவிட்டதும், பல வருஷ உரத்தைப் பிடித்து வைத்திருந்த துரு கரைந்து பாஸ்பரஸ் மேலே வரும். எதிர்பார்த்த செடிகளுக்குப் பதிலாகப் பாசியும் சம்பும் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். நேர்மாறான ஆபத்தும் உண்டு. பைரைட் நிறைந்த ஈரநிலத்தை வடித்தால் அது காற்றில் பட்டுக் கந்தக அமிலமாகும்.

கார்பன் கதைதான் எனக்கு இன்னும் தீராத புதிர். நீர் வடிந்தால் ஈரநிலத்தின் மட்கு வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவாகும் என்பது பொதுவான பயம். 2001-ல் கிறிஸ் ஃப்ரீமன் குழு ஒரு 'தாழ்ப்பாள்' பற்றி எழுதியது: ஆக்சிஜன் இல்லாததால், மட்கில் இருக்கும் ஃபீனால் என்ற கரிமப் பொருள்களைச் சிதைக்கும் ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி முடங்கிக் கிடக்கிறது, ஃபீனால்கள் குவிந்து மற்ற நொதிகளையும் முடக்குகின்றன, நீர் வடிந்தால் தாழ்ப்பாள் திறக்கும். 2017-ல் ஓர் உயர்மலை ஈரநிலத்தில் நடந்த ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. நீர் வடிந்ததும் பெர்ரஸ் துருவாகிறது, அந்த நொதிக்கு ஊக்கம் தரும் பெர்ரஸ் குறைகிறது, புதுத் துருவோ கார்பனைப் பிடித்துக் காக்கிறது. இதற்கு 'இரும்புக் கதவு' என்று பெயர். கடலடி, ஏரியடிப் படிவுகளின் கரிமக் கார்பனில் சுமார் 21.5 சதவீதம் இரும்போடு ஒட்டியிருக்கிறது என்று 2012-லேயே ஒரு மதிப்பீடு வந்திருந்தது. தாழ்ப்பாளா, கதவா? இரும்பு நிறைய உள்ள மண்ணில் கதவும், இரும்பு குறைந்த தூய கரி மண்ணில் தாழ்ப்பாளும் ஓங்கும் என்பது என் ஊகம்.

நடுவில் ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஈரநில ஓரத்தில் நீர்மேல் எண்ணெய் மாதிரி வானவில் படலம் மிதந்தால் யாரோ டீசல் கொட்டிவிட்டார்கள் என்று திட்டவேண்டாம். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் உடனே கூடிக்கொள்ளும். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து அப்படியே தனித்தனியாக மிதந்தால் அது இரும்புப் படலம், கீழேயிருந்து வந்த பெர்ரஸ் காற்றைத் தொட்ட இடம்.

அந்தப் பழைய 18 பைகளில் ஒன்றை நான் எறியாமல் வைத்திருந்தேன். பழுப்புத் தூள், முடிச்சு அப்படியே. போன மாதம் அதைப் பிரித்து ஒரு கண்ணாடிச் சீசாவில் கொட்டி, ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, மேலே நாலு விரல் நீர் விட்டு ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் குமிழிகள் வந்தன. ஒரு வாரத்தில் அடியில் அங்கங்கே சாம்பல் திட்டுகள் தெரிந்தன. பதினைந்தாம் நாள் சீசா முழுக்கச் சாம்பல், நீரை ஒட்டிய மேல்விளிம்பில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பழுப்பு வளையம். பென்சிலை எடுத்து, பழைய அறிக்கையின் ஓரத்தில், அந்தக் கேள்விக்குக் கீழே, நிறத்தை எழுதி வைத்தேன்.